கனடாவில் படிக்கும் மாணவர்களுக்கு மருத்துவக் காப்பீடு: பெட்டி கட்டுவதிலிருந்து பட்டம் வாங்கிய பிறகு வரை

"அங்கே வைத்தியமெல்லாம் இலவசமாமே!" கனடாவுக்குப் பெட்டி கட்டும் வீட்டில் பெரியப்பாவோ எதிர்வீட்டு மாமாவோ இதைச் சொல்லாமல் இருக்கமாட்டார்கள். அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. யாருக்கு இலவசம் என்பதை மட்டும் சொல்வதில்லை. படிக்கப் போகிற நமக்கு அது மாகாணத்துக்கு மாகாணம் மாறுகிறது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்து வான்கூவரில் படிக்கும் மாணவரின் கையில் அரசு அட்டை இருக்கும். ஒன்டாரியோ மாகாணத்து டொரன்டோவில் படிக்கும் அவருடைய தம்பிக்கு அதே அட்டை கிடைக்காது. இரண்டு பேரும் வாங்கியது ஒரே மாதிரியான படிப்பு அனுமதிதான்.

நான் ஒன்டாரியோவில் படித்தேன். முதல் குளிர்காலத்தில் காது வலியோடு ஒரு கிளினிக்குக்குப் போய், "இந்தக் காப்பீட்டை நாங்கள் நேரடியாக ஏற்பதில்லை" என்று அவர்கள் சொன்னதும் கையிலிருந்த பணத்தைக் கட்டிவிட்டு, ரசீதையும் தொலைத்துவிட்டு வந்தவன். கீழே இருப்பதில் பாதி, அப்படி அசடு வழிந்து கற்றுக்கொண்டது.

படி 1: உங்கள் மாகாணம் எந்த வகை என்று பாருங்கள்

1984-இல் வந்த கனடா சுகாதாரச் சட்டம் பொது மருத்துவக் காப்பீட்டுக்கான அடிப்படை விதிகளை வகுத்தது. காப்பீட்டை நடத்துவது மாகாணங்கள். வெளிநாட்டு மாணவரைச் சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்பதும் அவற்றின் முடிவு. அதனால் "கனடாவில் காப்பீடு எப்படி?" என்று யாரிடமும் கேட்காதீர்கள். "ஒன்டாரியோவில் எப்படி?" என்று கேளுங்கள்.

தமிழ் மாணவர்கள் அதிகம் போகும் ஒன்டாரியோவில்தான் கதவு மூடியிருக்கிறது. அங்குள்ள அரசுத் திட்டமான ஓஹிப், 1994-இலிருந்து வெளிநாட்டு மாணவர்களைச் சேர்ப்பதில்லை. பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள் யூஹிப் என்ற திட்டத்தில் கட்டாயமாகச் சேர்க்கப்படுவார்கள். கட்டணம் கல்விக் கட்டண ரசீதிலேயே ஒரு வரியாக வந்துவிடும். காப்பீட்டு ஆண்டு செப்டம்பர் 1-இல் தொடங்கி ஆகஸ்ட் 31-இல் முடியும். மருத்துவரும் மருத்துவமனையும்தான் இதற்குள் அடங்கும். மருந்துக் கடைச் செலவு, பல், கண் அடங்காது. கல்லூரிகளில் படிப்பவர்களுக்குக் கதை வேறு. கல்லூரிகள் தனித்தனியாகத் தனியார் காப்பீட்டு நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. பக்கத்து அறைத் தோழி வேறு கல்லூரி என்றால், அவருடைய பாலிசியில் இருப்பது உங்களுடையதில் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஆறு மாதமோ அதற்கு மேலோ செல்லுபடியாகும் படிப்பு அனுமதி இருந்தால் எம்.எஸ்.பி. என்ற அரசுத் திட்டத்தில் சேர வேண்டும். உள்ளூர்க்காரர்களுக்கு 2020 ஜனவரியிலிருந்து பிரீமியம் இல்லை. அதே மாதத்திலிருந்து வெளிநாட்டு மாணவருக்கு மாதம் 75 டாலர். இங்கே ஒரு கணக்கு இருக்கிறது, கவனியுங்கள். காத்திருப்புக் காலம் என்பது நீங்கள் வந்து சேர்ந்த மாதத்தின் மிச்சமும் அதற்கடுத்த இரண்டு முழு மாதங்களும். ஆகஸ்ட் 31-ஆம் தேதி இறங்கினால் நவம்பர் 1-இல் காப்பீடு தொடங்கும். ஒரே ஒரு நாள் தள்ளி செப்டம்பர் 1-ஆம் தேதி இறங்கினால் டிசம்பர் 1. விமான டிக்கெட் போடும்போது இதை யாரும் யோசிப்பதில்லை.

ஆல்பர்ட்டா தாராளம். 12 மாதமோ அதற்கு மேலோ அனுமதி உள்ளவர்கள் வந்து மூன்று மாதத்துக்குள் விண்ணப்பித்தால், வந்த நாளிலிருந்தே காப்பீடு உண்டு, பிரீமியம் கிடையாது. சஸ்காச்சுவன், நியூ பிரன்ஸ்விக், நியூஃபவுண்ட்லாந்து மூன்றும் தகுதியுள்ள வெளிநாட்டு மாணவர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. நோவா ஸ்கோஷியாவில் 13-ஆவது மாதத்தின் முதல் நாளிலிருந்துதான் அரசுக் காப்பீடு. முதல் ஆண்டு முழுவதும் தனியார் பாலிசிதான் துணை. மானிடோபாவில் முன்பு அரசுக் காப்பீடு இருந்தது, 2018 செப்டம்பரில் அதை நிறுத்திவிட்டார்கள். "எனக்கு வின்னிப்பெக்கில் இலவசமாகக் கிடைத்ததே" என்று பழைய மாணவர் ஒருவர் சொன்னால், எந்த ஆண்டில் என்று கேட்டுவிடுங்கள். கியூபெக், தன்னோடு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் உள்ள பிரான்ஸ், பெல்ஜியம் போன்ற சில நாடுகளின் மாணவர்களுக்கே அரசு அட்டை தருகிறது. இந்தியாவும் இலங்கையும் அந்தப் பட்டியலில் இல்லை. கல்வி நிறுவனத்தின் குழுக் காப்பீடுதான் வழி.

படி 2: ஊரிலேயே முடிக்க வேண்டிய வேலைகள்

முதலில் பல். மாகாணத் திட்டங்கள் பெரியவர்களின் சாதாரணப் பல் வைத்தியத்துக்குப் பணம் தருவதில்லை. வேர் சிகிச்சை பாதியில் நிற்கிறது, ஞானப்பல் அவ்வப்போது குத்துகிறது என்றால், புறப்படுவதற்கு முன் அதை முடித்துக்கொள்ளுங்கள். கண்ணாடி அணிபவர்கள் இரண்டு ஜோடி செய்துகொண்டு, பவர் எழுதிய சீட்டையும் வாங்கி வாருங்கள்.

அடுத்தது தடுப்பூசி ஆவணம். "சின்ன வயதில் எல்லாம் போட்டாயிற்று" என்று அம்மா சொல்வது இங்கே செல்லாது. தேதியும் கையொப்பமும் உள்ள காகிதம் வேண்டும். 2024 அக்டோபரில் தொடங்கிய தட்டம்மைப் பரவல் ஓராண்டுக்கு மேல் நீடித்ததால், தட்டம்மையை ஒழித்த நாடு என்ற தகுதியைக் கனடா 2025 நவம்பரில் இழந்தது. தட்டம்மைக்கான எம்.எம்.ஆர். தடுப்பூசி இரண்டு தவணையும் போட்டதற்குச் சான்று இல்லையென்றால் ஊரிலேயே போட்டுக்கொண்டு வாருங்கள். நர்சிங், முதியோர் பராமரிப்பு, பல் சுகாதாரம் போன்ற படிப்புகளில் சேர்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மருத்துவமனைப் பயிற்சிக்கு அனுப்புவதற்கு முன் தடுப்பூசிப் பதிவும் காசநோய்த் தோல் பரிசோதனையும் கேட்பார்கள். நம்மில் பெரும்பாலோர் பிறந்தவுடன் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள்; அதனாலேயே நோய் இல்லாவிட்டாலும் அந்தப் பரிசோதனை 'ஆம்' என்று காட்டக்கூடும். அப்படி வந்தால் பதறாதீர்கள். பி.சி.ஜி. போட்டதைச் சொல்லுங்கள், மார்பு எக்ஸ்-ரே எடுக்கச் சொல்வார்கள்.

மூன்றாவது மருந்து. உங்களுக்காக மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தை 90 நாளுக்கானதோ ஒரு முழுச் சிகிச்சைக்கானதோ, இரண்டில் எது குறைவோ அந்த அளவுக்குக் கொண்டுவரலாம். மருந்துக் கடை ஒட்டிய லேபிளோடு அசல் பெட்டியிலேயே இருக்கட்டும். மாத்திரைகளை எல்லாம் பிரித்து ஒரு டப்பாவில் கொட்டிக் கொண்டுவருகிற பழக்கம் விமான நிலையத்தில் வம்பை வரவழைக்கும். மருத்துவரின் கடிதத்தில் வணிகப் பெயரை மட்டும் எழுதாமல் மருந்தின் மூலப்பெயரையும் எழுதச் சொல்லுங்கள். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ விற்கும் பெயர் இங்கே யாருக்கும் தெரியாது. பாரசிட்டமாலைத் தேடிக் கடை முழுக்க அலைந்த மாணவர்கள் பலர். இங்கே அதன் பெயர் அசெட்டமினோஃபென். டைலனால் என்று கேட்டால் கிடைக்கும்.

ஆன்டிபயாடிக் மட்டும் கடையில் சொல்லி வாங்க முடியாது. பெரும்பாலும் மருத்துவரின் சீட்டு வேண்டும். "தொண்டை வலி, நாலு மாத்திரை கொடுங்கள்" என்கிற வழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வர வேண்டியதுதான்.

படி 3: இறங்கிய முதல் வாரம்

காத்திருப்புக் காலம் உள்ள மாகாணம் என்றால், இடைக்காலத் தனியார் பாலிசி நீங்கள் இறங்கும் தேதியிலிருந்தே தொடங்க வேண்டும். பல கல்வி நிறுவனங்கள் இதைத் தாமாகவே சேர்த்துவிடும், ஆனால் அது வகுப்பு தொடங்கும் தேதியிலிருந்தா, நீங்கள் வந்த தேதியிலிருந்தா என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் முன்னதாக வந்து வீடு தேடுபவர்கள் விழுகிற குழி இதுதான்.

அரசுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கக் கடவுச்சீட்டு, படிப்பு அனுமதி, முகவரிச் சான்று, சேர்க்கைக் கடிதம் இருந்தால் பெரும்பாலும் போதும். காத்திருப்புக் காலம் முடியட்டும் என்று விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள். வந்த வாரமே போடுங்கள். விமான நிலையத்தில் தருகிற அனுமதிக் காகிதத்தில் பெயரின் எழுத்துகளை அங்கேயே நின்று சரிபாருங்கள். முதற்பெயர், தந்தை பெயர் குழப்பம் நம் ஊர்க்காரர்களுக்கு எங்கே போனாலும் உண்டு. அது மருத்துவ அட்டைக்கும் தொற்றிக்கொண்டால், கவுன்ட்டருக்குக் கவுன்ட்டர் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

துணைவரோ குழந்தையோ உடன் வந்தால் அவர்கள் தாமாகச் சேர மாட்டார்கள். யூஹிப்பில் அவர்கள் வந்து 30 நாளுக்குள் நீங்கள்தான் பெயரைப் பதிவு செய்ய வேண்டும்.

படி 4: இரண்டு அடுக்குகளைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள்

மாணவர்கள் அதிகமாகக் குழம்புவது இங்கேதான். கட்டண ரசீதில் 'உடல்நலம்' என்று இரண்டு வரிகள் இருக்கும். ஒன்று அடிப்படைக் காப்பீடு: மருத்துவர், மருத்துவமனை, பரிசோதனை. மற்றொன்று மாணவர் சங்கம் நடத்தும் கூடுதல் திட்டம்: மருந்து, பல், கண்ணாடி, பிசியோதெரபி, மனநல ஆலோசனை. "ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, இது எதற்கு?" என்று இரண்டாவதை விலக்கிவிட்டு, பிறகு மருந்துக் கடையில் முழு விலையையும் கொடுப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

இணையான வேறு காப்பீடு இருப்பதாக நிரூபித்தால் கூடுதல் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டு பணத்தைத் திரும்பப் பெறலாம். அதற்கான கெடு பல இடங்களில் செப்டம்பரிலேயே முடிந்துவிடும். துணைவர் வேலை பார்க்கும் இடத்தில் குடும்பக் காப்பீடு இருந்தால் விலகலாம். மற்றபடி, சில நூறு டாலர் மிச்சம் பிடிக்க விலகுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஒருமுறை பல் சுத்தம் செய்து, ஒரு கண்ணாடியும் வாங்கினாலே அந்தத் தொகையில் பெரும்பகுதி திரும்பிவிடும்.

இன்னொரு நம்பிக்கையும் உலவுகிறது: கூட்டாட்சி அரசின் பல் பராமரிப்புத் திட்டத்தில் எல்லாரும் சேரலாம் என்று. வரிக் கணக்கு தாக்கல் செய்திருக்க வேண்டும், குடும்ப வருமானம் 90,000 டாலருக்குள் இருக்க வேண்டும், வேறு பல் காப்பீடு பெறும் வாய்ப்பே இருக்கக் கூடாது என்பவை அதன் நிபந்தனைகள். மாணவர் சங்கத்தின் பல் காப்பீடும் 'வாய்ப்பு' என்றே கணக்கிடப்படும். கையில் பணமில்லாமல் பல் வலிக்கிறது என்றால், டொரன்டோ பல்கலைக்கழகம், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் போன்றவற்றின் பல் மருத்துவக் கல்லூரிகளில், ஆசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் குறைந்த கட்டணத்தில் சிகிச்சை செய்கிறார்கள். நேரம் அதிகமாகும். வேலை சுத்தமாக இருக்கும்.

படி 5: பாலிசியை ஒருமுறையாவது படியுங்கள்

நாற்பது பக்கத்தையும் படிக்கச் சொல்லவில்லை. விலக்குகள் என்ற பகுதியை மட்டுமாவது படியுங்கள். ஆஸ்துமா, நீரிழிவு, தைராய்டு போன்று முன்பே இருந்த நோய்க்குச் செலவு தருவார்களா? எத்தனை மாதம் கட்டுப்பாட்டில் இருந்திருக்க வேண்டும்? கர்ப்பகாலச் செலவு உண்டா? சில தனியார் பாலிசிகள், காப்பீடு தொடங்கிய பிறகு உருவான கர்ப்பத்துக்கே பணம் தருகின்றன. மனநல மருத்துவமனைச் சேர்க்கைக்கு உச்சவரம்பு எவ்வளவு? கோடை விடுமுறையில் ஊருக்குப் போயிருக்கும்போது காப்பீடு ஓடுமா, நிற்குமா? ஆம்புலன்ஸ் அடங்குமா? முகவரின் வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். கல்லூரியில் சேர்த்துவிடும் முகவருக்குக் காப்பீட்டைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை, பெரும்பாலும் தெரிந்திருப்பதும் இல்லை.

படி 6: உடம்புக்கு முடியவில்லை; எங்கே போவது?

சளி, லேசான காய்ச்சல், தோல் அரிப்பு என்றால் முதலில் மருந்துக் கடை. இங்கே மருந்தாளுநரின் வேலை மாத்திரை எண்ணிக் கொடுப்பதோடு முடிவதில்லை. ஆலோசனை கேட்கலாம், அதற்குக் காசு கிடையாது. ஒன்டாரியோவில் 2023 ஜனவரியிலிருந்தும் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அதே ஆண்டு ஜூனிலிருந்தும், சிறுநீர்த் தொற்று போன்ற சில சிறு உபாதைகளுக்கு அவர்களே மருந்து எழுதித் தருகிறார்கள். ஒன்டாரியோவில் இதற்கான செலவை அரசு ஏற்பது ஓஹிப் அட்டை உள்ளவர்களுக்குத்தான். உங்களிடம் கட்டணம் கேட்பார்களா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். எம்.எஸ்.பி. உள்ள மாணவிகளுக்கு, 2023 ஏப்ரலிலிருந்து பிரிட்டிஷ் கொலம்பியாவில் பெரும்பாலான கருத்தடை மருந்துகள் இலவசம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். யாரும் தாமாக வந்து சொல்லமாட்டார்கள்.

எங்கே போவது என்றே தெரியவில்லையா? பெரும்பாலான மாகாணங்களில் 811-ஐ அழைக்கலாம். நர்ஸ் பேசுவார், எந்த நேரமும் எடுப்பார்கள். மொழிபெயர்ப்பாளரை இணைக்கச் சொல்லலாம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் 130-க்கும் மேற்பட்ட மொழிகளில் அந்த வசதி இருக்கிறது. நள்ளிரவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊரில் அம்மாவை எழுப்புவதற்கு முன் இந்த எண்ணை அழுத்துங்கள். அம்மாவுக்கும் தூக்கம் மிஞ்சும்.

மருத்துவரைப் பார்க்க வேண்டுமென்றால் முதல் தேர்வு வளாக கிளினிக். உங்கள் காப்பீடு அவர்களுக்குப் பழக்கமானது; ரசீது, கிளைம் தொல்லை குறைவு. மாலையிலும் வார இறுதியிலும், முன்பதிவு இல்லாமல் போகக்கூடிய வாக்-இன் கிளினிக். உள்ளே போவதற்கு முன் தொலைபேசியில் ஒரே கேள்வி: "என்னுடைய இந்தக் காப்பீட்டுக்கு நேரடியாகக் கணக்கு அனுப்புவீர்களா?" குடும்ப மருத்துவர் கிடைப்பது உள்ளூர்க்காரர்களுக்கே குதிரைக் கொம்பு. கிடைத்தால் விடாதீர்கள். தமிழில் பேசும் மருத்துவர் வேண்டுமென்றால், ஒன்டாரியோ மருத்துவர் மற்றும் அறுவை மருத்துவர் கழகத்தின் இணையப் பதிவேட்டில் மொழிவாரியாகத் தேடலாம். ஸ்கார்பரோ பக்கம் இருப்பவர்களுக்கு அந்தத் தேடல் வீண் போகாது.

அவசர சிகிச்சைப் பிரிவு என்பது மார்பு வலி, மூச்சுத் திணறல், நிற்காத ரத்தப்போக்கு, எலும்பு முறிவு, மயக்கம் இவற்றுக்கு. அங்கே வந்த வரிசைப்படி கூப்பிடமாட்டார்கள். நர்ஸ் உங்களை ஐந்து நிலைகளில் ஒன்றில் வைப்பார். முதல் நிலை என்றால் உடனே உள்ளே. ஐந்தாவது என்றால் பல மணி நேரம் நாற்காலிதான். "எனக்குப் பின்னால் வந்தவரைக் கூப்பிடுகிறார்களே" என்று சண்டை போடுவதில் பயனில்லை. நீங்கள் காத்திருக்க வைக்கப்பட்டிருப்பது ஒருவகையில் நல்ல செய்தி.

உயிர்போகும் நிலை என்றால் 911. ஆம்புலன்ஸுக்குக் கட்டணம் உண்டு. ஒன்டாரியோவில் ஓஹிப் உள்ளவர் பொதுவாக 45 டாலர் கட்டுவார், இல்லாதவருக்கு 240. பிரிட்டிஷ் கொலம்பியாவில் எம்.எஸ்.பி. உள்ளவருக்கு 80 டாலர், இல்லாதவருக்கு 848. அந்தத் தொகைக்குப் பயந்து மார்பு வலியோடு பஸ் ஏறாதீர்கள். பல மாணவர் பாலிசிகளில் அவசர ஆம்புலன்ஸ் அடங்கும்.

மருந்துச் சீட்டு கையில் வந்ததும் நேரே போய் முதல் கடையில் நீட்ட வேண்டாம். மாத்திரை விலையோடு ஒவ்வொரு முறையும் வழங்கல் கட்டணம் என்று ஒன்று சேரும். அது கடைக்குக் கடை வேறுபடும். காஸ்ட்கோ என்ற பேரங்காடியில் குறைவு, மருந்துப் பிரிவுக்கு உறுப்பினர் அட்டை தேவையில்லை. நெடுநாள் மருந்தென்றால் மூன்று மாதத்துக்குச் சேர்த்து எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். மூன்று முறை கட்டவேண்டிய கட்டணத்தை ஒருமுறை கட்டினால் போதும்.

படி 7: மனசு சரியில்லாதபோது

நவம்பர் மாதம் நாலரை மணிக்கெல்லாம் இருட்டுகிறது. நிலவறை வீடு, இரவு வேலை, கல்விக் கடன், ஊரில் எல்லாரிடமும் "நன்றாக இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டிய கட்டாயம். இதில் யாருக்கும் மனசு தளரும். வளாகத்தில் ஆலோசகரைப் பார்ப்பது பெரும்பாலும் இலவசம். 988 என்ற தற்கொலைத் தடுப்பு எண் 2023 நவம்பர் 30 முதல் நாடு முழுவதும் இயங்குகிறது. அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம், இரவு பகல் பார்க்க வேண்டாம். ஒன்டாரியோ, நோவா ஸ்கோஷியா மாணவர்களுக்கென்றே குட்2டாக் என்ற உதவி எண் தனியாக இருக்கிறது.

நம் பிள்ளைகள் தயங்குவதற்குக் காரணம் இரண்டு: "வீட்டுக்குத் தெரிந்துவிடும்", "விசாவைப் பாதிக்கும்". ஆலோசகரிடம் பேசுவது ரகசியம். உயிருக்கு ஆபத்து என்பது போன்ற சில விதிவிலக்குகள் தவிர, உங்கள் சம்மதமின்றிப் பெற்றோருக்கோ பேராசிரியருக்கோ சொல்லமாட்டார்கள். ஆலோசகரைப் பார்த்ததற்காகப் படிப்பு அனுமதியை யாரும் பறிப்பதில்லை. தேர்வு எழுத முடியாத நிலை என்றால், மதிப்பெண் போன பிறகு மன்றாடுவதைவிட, முன்கூட்டியே மாணவர் உதவி அலுவலகத்தில் சொல்லிவிடுவது பல மடங்கு எளிது.

படி 8: கிளைம் செய்வது

கையிலிருந்து பணம் கட்டினால், ரசீதை அங்கேயே வைத்துப் படம் பிடியுங்கள். அட்டை தேய்த்த சீட்டு போதாது. மருத்துவர் பெயர், தேதி, என்ன சிகிச்சை என்று பிரித்தெழுதிய ரசீது வேண்டும். பிறகு காப்பீட்டு நிறுவனத்தின் செயலியிலோ இணையத்திலோ ஏற்றிவிடுங்கள், வங்கிக் கணக்குக்குப் பணம் வரும். கிளைமுக்குக் கெடு உண்டு, செமஸ்டர் முடியட்டும் என்று வைக்காதீர்கள். மறுத்துவிட்டால் அதோடு விட்டுவிட வேண்டியதில்லை. எந்த விதியின்படி மறுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். விடுபட்ட ஒரு ஆவணத்தை அனுப்பியதும் தீர்ந்த கதைகள் எத்தனையோ.

யூஹிப் மருத்துவருக்குத் தருவது ஓஹிப் கட்டண அளவில்தான். மருத்துவர் அதற்கு மேல் வாங்கினால் மிச்சம் உங்கள் தலையில். அதனால்தான் போவதற்கு முன் தொலைபேசியில் கேட்கச் சொன்னேன்.

படி 9: காப்பீடு அறுந்துபோகும் இடங்கள்

அனுமதியை நீட்டிக்க விண்ணப்பித்திருக்கிறீர்கள், பழைய தேதி முடிந்துவிட்டது. குடிவரவுத் துறையின் கண்ணில் நீங்கள் சட்டப்படிதான் இருக்கிறீர்கள், ஆனால் மருத்துவ அட்டை பழைய தேதியோடு நின்றிருக்கும். மாகாண அலுவலகத்துக்கு விண்ணப்பச் சான்றை அனுப்பி நீட்டிக்கக் கேளுங்கள். புதிய அனுமதி வந்ததும் அதையும் அனுப்புங்கள்.

ஒரு செமஸ்டர் விடுப்பு எடுத்தாலோ பகுதிநேரமாக மாறினாலோ குழுக் காப்பீடு நின்றுபோகலாம். விடுப்புப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

நயாகராவைப் பார்க்கப் போனவர்கள், பாலத்தைக் கடந்து அமெரிக்கக் கரைக்கும் போய் வரலாமே என்று கிளம்புவார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவின் எம்.எஸ்.பி.கூட, நாட்டுக்கு வெளியே அவசரமாக மருத்துவமனையில் சேர்ந்தால் ஒரு நாளைக்குத் தருவது 75 டாலர் வரை. அமெரிக்க மருத்துவமனையில் அது எந்த மூலைக்கு? ஒரு நாள் பயணமானாலும் பயணக் காப்பீடு எடுத்துக்கொண்டு கடவுங்கள்.

கடைசியாக, ஒன்டாரியோவில் பட்டம் வாங்கியவர்களுக்கு. யூஹிப் ஆகஸ்டோடு போய்விடும். படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி கையில் வந்தாலே ஓஹிப் கிடைத்துவிடாது. ஒன்டாரியோவில் உள்ள ஒரு முதலாளியிடம் குறைந்தது ஆறு மாதத்துக்கு முழுநேர வேலை இருக்க வேண்டும். வேலை கிடைத்த நாளே மனிதவளப் பிரிவிடம் அந்த விவரங்களோடு ஒரு கடிதம் வாங்கி, சர்வீஸ் ஒன்டாரியோ என்ற அரசுச் சேவை அலுவலகத்துக்கு எடுத்துப் போங்கள். முன்பிருந்த மூன்று மாதக் காத்திருப்பு 2020 மார்ச்சிலிருந்து இல்லை. வேலை தேடிக்கொண்டிருக்கும் இடைப்பட்ட மாதங்களுக்குத் தனியார் பாலிசி ஒன்றை, பழையது முடியும் நாளுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். முடிந்த பிறகு எடுத்தால் அதற்கும் ஒரு காத்திருப்புக் காலம் வைக்கிற நிறுவனங்கள் உண்டு.